முட்டை பூசிய கால்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் ஓடாமல் செத்துக்கொண்டிருந்த காலுக்கு முட்டை வெள்ளைக்கரு பூசி, காகித அட்டை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

ஊர் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையில் பைப் ஃபிட்டர். ஓமனில் ஒரு தொழிற்சாலையைப் பழுதுபார்க்கும் வேலைக்குக் காண்ட்ராக்டில் போயிருந்தேன். ஒரு நாள் காலையில் ஏணியில் நிற்கும்போது, இடது கெண்டைக்காலைக் கம்பி போட்டு முறுக்கியதுபோல் வலித்தது. இறங்கிப் பார்த்தால் பாதம் வெளுத்து, சில்லென்று கிடந்தது. சுளுக்கு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கைகாலில் எது வலித்தாலும் ஆந்திர எல்லையைத் தாண்டிப் புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவோம். எலும்பு முறிந்தவர்களுக்கான கட்டு அது. முறியாதவர்களும் போவோம், போய்வந்தால் ஒரு திருப்தி. ஓமனிலிருந்து புத்தூருக்குப் பஸ் இல்லாததால், அறைத்தோழன் டேவிட், நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் சமையல்கட்டில் முட்டை வாங்கி வந்தான். அத்திப்பட்டுக்காரன், வெல்டர்.

"டைட்டா கட்டட்டாணா?"

"கட்டுடா. புத்தூர்க்காரனே பாத்து பொறாமப்படணும்."

கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது. இருவரும் வைத்தியர்களாகவே ஆகிவிட்டோம். குறைந்தது வலி அல்ல, உணர்ச்சி. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை அசைக்கப் பார்த்தேன். அவை வேறு யாருடைய விரல்களோபோல் கிடந்தன.

டேவிட் முகம் மாறியது. "பேஜாரா கீதுணா. வா, ஆஸ்பத்திரி போலாம்."

அங்கிருந்த டாக்டர் எகிப்துக்காரர். முட்டை வாடையை முகர்ந்தார், கத்திரியால் கட்டை வெட்டி எறிந்தார். வலது பாதத்தில் டாப்ளர் (ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்கவைக்கும் கருவி) வைத்தபோது உஷ் உஷ் என்று சத்தம் வந்தது. இடது பாதத்தில் வைத்தார். ஒன்றுமே இல்லை. நான் இருக்கும் இடத்தில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை.

கேரளத்து நர்ஸ் ஒருவர் எனக்குப் புரியும்படி சொன்னார். என் இதயம் தாளம் தப்பித் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது). அங்கே உறைந்த ரத்தக்கட்டி ஒன்று கிளம்பிப் போய்க் கால் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது. குழாய் அடைப்பைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று சிப்காட் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான்.

எம்போலெக்டமி (மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பது) செய்ய வேண்டும், அதுவும் உடனே. சம்மதப் படிவத்தில் இன்னொரு வரியும் இருந்தது: ரத்தம் திரும்பாவிட்டால் காலை எடுக்க நேரலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"சேட்டா, வேகம்," என்றார் நர்ஸ்.

மனைவி சுமதிக்கு வீடியோ கால் போட்டு, வெளுத்த பாதத்தைக் காட்டினேன். "நான் ஊட்டுக்கு வந்துர்றேன். மெட்ராஸ்ல காட்டிக்கலாம்."

"சொரண கீதா கால்ல?"

"இல்ல."

"டாக்டரு இன்னா சொல்றாரு?"

"இப்பவே பண்ணணுமாம். இல்லன்னா காலு போயிருமாம்."

"பின்ன இன்னாத்துக்கு என்கிட்ட பேசிக்கினு கீற? போனை டேவிட்டாண்ட குடுத்துட்டு கையெழுத்து போடு."

போட்டேன். கண்விழித்தபோது கால் எரிந்தது. அப்படி ஒரு வேதனைக்கு நன்றி சொன்ன ஆள் நானாகத்தான் இருப்பேன். டாக்டர் மறுபடி டாப்ளரை வைத்தார். உஷ். உஷ். திரையை விலக்கி எட்டிப் பார்த்த டேவிட் அழுதான். கெண்டைக்காலின் இருபுறமும் கீறித் திறந்து வைத்திருந்தார்கள் (ஃபாசியாட்டமி: ரத்தம் திரும்பும்போது வீங்கும் தசைக்கு இடம் விடுவது). அந்தப் புண் ஆறத்தான் அதிக நாள் பிடித்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. திடீரென்று கையோ காலோ வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால், நீவாதீர்கள், சூடு வைக்காதீர்கள், கட்டாதீர்கள். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிக்கெட்டும் தேடாதீர்கள். நிற்கிற ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காலுக்கு இருப்பது சில மணி நேரம்தான்.

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பெருவிரலில் இன்னும் பாதி உணர்ச்சிதான். செருப்பு கழன்று விழுந்தால் பின்னால் வருகிறவர்கள்தான் சொல்கிறார்கள். காலையில் எழுந்ததும் புறங்காலில் விரல் வைத்துத் துடிப்பைத் தேடுகிறேன். கிடைத்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது. நாளைக்கு என்று எதையும் அடித்துப் பேசுவதில்லை.

போன வாரம் பரிசோதனைக்காகப் பஸ் ஏற நடந்துகொண்டிருந்தோம். எளாவூர்ப் பக்கமிருந்து வரும் லாரிகள் எங்களை உரசுவதுபோல் போயின. சுமதி முன்னால், நான் பின்னால், இடது காலைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு.

"ஏய் சுமதி, காலு போயிருந்தா என்னை இன்னா பண்ணியிருப்ப?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தூக்கிக்கினு போயிருப்பேன், நட."