உயிரோடு இருந்தவருக்கு வைத்த பொட்டு

மூன்று நாளாகத் தனத்தின் படம் என் சாப்பாட்டு மேசையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் குங்குமச் சிமிழ். சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த அவள் மகள், "பொட்டு நீங்கதான் வெக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க ஆன்ட்டி," என்றாள். இறந்தவர் படத்துக்குத்தான் பொட்டு. உயிரோடு இருப்பவர் படத்தை அந்த விரலோடு யாரும் நெருங்கக்கூட மாட்டார்கள். எனக்குத் தெரிந்து அந்தத் தப்பைச் செய்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இந்தப் படத்தில் இருக்கிறாள், இன்னொருத்தி நான்.

சிமிழைத் திறந்தால் குங்குமத்தின் வாசனை வரவேண்டும். எனக்கு வருவது மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவரின் வாசனை. நான் என்ன செய்ய.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் மலாக்கா டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தோம். நான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். தனம் அலோர் காஜாவிலிருந்து வருவாள். மதியம் கடை முதலாளி தவ்கே ஒரு மணி நேரம் விடுவார். சோற்றுப் பொட்டலத்தைக் கால்மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் முழுக்க ஊர் சுற்றுவோம். சுற்றுவது என்றால் கடைத்தெருவை இல்லை. கடைக்குப் பின்னால், உடைப்பதற்காகக் காலி செய்யப்பட்ட பழைய கடைவீடுகள் ஒரு வரிசையாக நின்றன. பின்சந்தில் துத்தநாகத் தகரம் ஒன்று வளைந்திருந்த இடத்தில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நுழைந்துவிடுவோம். நான் பெரிய தைரியசாலி என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பல்லி சத்தம் போட்டால் தனத்தின் முதுகுக்குப் பின்னால் இருப்பேன்.

அந்த வீடுகள் நீண்டுகொண்டே போகும். ஓர் அறை முடிந்தால் இன்னோர் அறை, அது முடிந்தால் நடுவில் கூரையில்லாத முற்றம். அங்கே மழை வீட்டுக்குள்ளேயே பெய்யும். சுவர் விரிசல்களில் பெரணிச் செடிகள் முளைத்து, பச்சை வெளிச்சம் தரையில் ஆடிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு உரிந்த இடத்தில் வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே ரோஜா நிறம். நான் நகத்தால் சுரண்டிச் சுரண்டி, எத்தனை குடும்பம் இருந்து போயிருக்கும் என்று பார்ப்பேன். இரண்டு தெரு தள்ளி ஓடும் பஸ்களின் சத்தம் உள்ளே வரும்போது எங்கோ தூரத்து ஊரிலிருந்து வருவதாக இருக்கும். மணி பார்க்கவே மறந்து, தவ்கேயிடம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

வரிசையில் நான்காவது வீட்டின் மாடியில்தான் அந்தப் படம் தொங்கியது. "மூனாவது படி உளுத்துப் போச்சு, மிதிக்காதலா," என்று தனம் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். மேலே வெறும் பலகைத் தரை, ஓர் ஆணி, அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பதினெட்டு வயதிருக்கும் பெண். இரட்டைப் பின்னல், கையில் ஒரு கைக்குட்டை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம்.

"செத்தவங்கள தனியா வுட்டுட்டுப் போயிட்டாங்கடி," என்றாள் தனம். அவள் கண் கலங்கியிருந்தது. உயிரோடு இருப்பவர் படத்தை யாராவது மறந்து போவார்களா என்பது அவள் நியாயம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கைப்பையில் மடித்து வைத்திருந்த கோயில் குங்குமத்தை எடுத்துக் கண்ணாடிமேல், நெற்றிக்கு நேராகப் பொட்டு வைத்தாள். மறுநாள் பாசார் சந்தைப் பக்கம் போய் ஒரு மல்லிகைச் சரமும் வாங்கி வந்தோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாங்கள் வேண்டிக்கொள்ளவும் ஆரம்பித்தோம். தனத்தைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை. "அவங்களே வேணாம்னு சொல்லிரணும்மா," என்று கைகூப்பினாள். பத்து நாளில் அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தனம் இரண்டு முழம் பூவாகப் போட்டாள். நான் டைப்பிங் பரீட்சைக்காக வேண்டினேன், தோற்றேன்.

நல்ல மழை பெய்த ஒரு மதியம், கீழே காலடிச் சத்தம் கேட்டது. காவல்காரர் என்று பயந்து மூலையில் ஒடுங்கினோம். மூன்றாவது படியை மிதிக்காமல் ஏறி வந்தார் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். கையில் சொட்டும் குடை. சுவரைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். அதே முகம், சிரிக்கலாமா வேண்டாமா என்று.

"யாருலா எனக்குப் பொட்டு வெச்சது?"

தனம் ஓவென்று அழுதுவிட்டாள். "தெரியாம செஞ்சிட்டோம் ஆன்ட்டி," என்று காலில் விழப் போனவளை அவர் பிடித்து நிறுத்தினார். அவர் பெயர் அஞ்சலை. புதுக் குடியிருப்பான தாமானில் ஒரு வீட்டுக்குக் குடிமாறிய அன்று நடந்ததை அந்தப் பலகைத் தரையில் உட்கார்ந்து சொன்னார்.

"லோரிக்காரன் ஹார்ன் அடிச்சிகிட்டே இருந்தான். வீட்டுக்காரரு அவங்கப்பா படம், ஆத்தா படம் எல்லாத்தையும் துணியில சுத்தி ஏத்துனாரு. என் படம் ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. எனக்கே வரலயே. கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது இது ஒன்னுதான்." பிறகு மல்லிகைச் சரத்தை எடுத்துத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். "பரவால்ல. ஆளில்லாத வீட்டுல எனக்குப் பூ வெச்சிருக்கீங்க."

முந்தானையால் படத்தின் பொட்டைத் துடைத்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது, அதன் வழியாகக் குங்குமம் உள்ளே இறங்கி நெற்றியிலேயே ஒட்டிவிட்டது. எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை. அஞ்சலை ஆன்ட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் படத்தைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு இறங்கினார். தனத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை. தன் பொட்டு அவரைக் கொண்டுபோய்விடும் என்று நம்பினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்து, வேறு பஸ் பிடித்து அந்தத் தாமானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சனிக்கிழமை காலையில் பசியாற உட்காரும்போது, "இருக்காங்கலா," என்று சொன்ன பிறகுதான் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பாள். நான் நாலைந்து தடவை கூடப் போனேன், அப்புறம் சோம்பிவிட்டேன். அவள் விடவில்லை. கல்யாணமாகியும், பிள்ளை பெற்றும், மோட்டார் சைக்கிள், கார் என்று மாறியும் போய்க்கொண்டே இருந்தாள். பயம் எப்போது பாசமானது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அந்த வரிசை ஒரு காலையில் இல்லாமல் போயிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, வீடுகள் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அதுவும் கொஞ்ச நாள்தான். இப்போது அங்கே ஒரு ஹோட்டலும் கார் நிறுத்தும் இடமும் இருக்கின்றன.

அஞ்சலை ஆன்ட்டி எண்பதைத் தாண்டியும் இருக்கிறார். தனத்தின் காரியத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். "நான் இருக்கேனான்னு பாக்க வந்தவ போயிட்டாளே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தனம் மகள் சொன்னதில் பாதியைத்தான் மேலே எழுதினேன். மீதி இது: "இந்த வாட்டியாவது ஒழுங்கா விசாரிச்சிட்டு வெக்கச் சொல்லுன்னாங்க." ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாளாம்.

விசாரித்துவிட்டேன் தனம். இன்று காலை பொட்டையும் வைத்துவிட்டேன். வைத்த விரலைத் துடைக்காமல் வெகுநேரம் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருலா எனக்குப் பொட்டு வெச்சது என்று கேட்டுக்கொண்டு நீ ஏறி வர, அந்தப் படிக்கட்டுதான் இல்லை.