கசக்காத கீழாநெல்லி

போன வாரம் மகன் கீழாநெல்லி மாத்திரை ஒரு புட்டி வாங்கி வந்தான். ஈரலுக்கு நல்லதாம். அவன் அப்பா ஒன்றை விழுங்கிவிட்டு, "இதில கசப்பே இல்லியே" என்றார். அவ்வளவுதான், என் வயிற்றுக்குள் பழைய நெருப்பு பற்றிக்கொண்டது. தப்பு என் மேலா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு கிடங்கில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாதி நேரம் சுக்கு, மீதி நேரம் கவலை. சாக்கடை வாரும் வேலைக்குப் போன அவருக்கு அப்போதுதான் மஞ்சள் காமாலை கண்டது.

மருந்து கொடுப்பவள் சாந்தா. கிடங்கில் எனக்குப் பக்கத்து முறம். என் வயசுதான், ஆனால் என்னைவிட நிறம், என்னைவிடச் சிரிப்பு. ஏழு நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் அவள் கையாலேயே வாங்கிக் குடிக்க வேண்டும். என்ன செடி என்று சொல்லமாட்டாள். சொன்னால் கைராசி அவளை விட்டுக் கேட்டவர் கைக்குப் போய்விடுமாம்.

மூன்றாம் நாள் வந்தவர், "சாந்தா கையால குடிச்சா கசப்பே தெரியல, கேட்டியா" என்றார். என் சாயாவை ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருப்பாரா?

அன்று சாயங்காலம் அவள் கிடங்குச் சுவரோரம் குனிந்து பறிப்பதை ஒளிந்திருந்து பார்த்தேன். இலைக்கு அடியில் கடுகு போலக் காய். அவள் போனதும் ஒரு பிடி பிடுங்கி வந்து அரைத்தேன். அப்புறம்தான் பயம் வந்தது. பக்கத்திலேயே சிவப்புத் தண்டோடு அதே மாதிரி ஒன்று நின்றதே, நான் எதைப் பிடுங்கினேன்? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் மறுநாள் காலையில் அவரை வழக்கம்போல் சாந்தாவிடம் அனுப்பிவிட்டு, முதலில் நானே குடித்துப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க முறத்துக்கும் கக்கூசுக்குமாக நடந்தேன்.

சாந்தா என் பச்சை நகத்தைப் பார்த்தாள். "எந்தாடீ, காமாலை அவருக்கா, ஒனக்கா?"

கிடங்கே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பச்சைத் தண்டு மட்டும் எடு. கீழாநெல்லின்னு பேரு. பசும்பால்ல அரைச்சு நீயே குடு."

"சொன்னா ஒன் கைராசி போயிருமே?"

"போனாப் போட்டும். ஒன் மூஞ்சியை இனியும் பாக்க முடியாது."

அதற்கப்புறம் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. தேடி வந்தவர்களை என்னிடம் அனுப்பினாள். தண்டு பச்சையா சிவப்பா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கதவைச் சாத்துவேன். பிறகு அவள் தோப்பும்படிப் பக்கம் குடிபோனாள். இப்போது எங்கே என்று தெரியாது. கிடங்கு பழம்பொருள் கடையாகிவிட்டது. சுவரோரம் முழுக்க கல் பாவிவிட்டார்கள், ஒரு செடி இல்லை.

என் கையால் மருந்து குடித்தவர் அவர் ஒருவர்தான், மீதி மூன்று நாள். பிழைத்துக்கொண்டார். ஆனால் மூன்று நாளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கசக்குதுடீ."