பாலத்துக்கு அப்பால் நடைபாதையில்

அரையாண்டுத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போகும் ஆசிரியை அறையில் உட்காரக் கூடாது என்பது எங்கள் பள்ளி வழக்கம். அன்று எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். கணக்குத் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அடிவயிற்றிலிருந்து ஆசனவாய் வரை யாரோ கம்பியைச் செருகித் திருகுவது போல் இருந்தது. கரும்பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பதின்மூன்று வயதிலிருந்தே இந்த வலிதான். ஞாயிறு பூசைக்குக் கிளம்ப முடியாமல் சுருண்டு கிடந்தால் அம்மா, "எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதாம்மா" என்பாள். கல்யாணத்துக்குப் பிறகு மற்ற நாட்களிலும் வலித்தது. கணவர் நெருங்கினாலும் வலித்தது. சொல்ல வெட்கப்பட்டுத் தூங்குவது போல் நடித்தேன். நாலு வருடமாகக் குழந்தையும் இல்லை.

தேர்வு முடிந்த வாரம் அடையாறில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். மலம் கழிக்கும்போது வலிக்குமா என்று முதன்முதலில் கேட்டவர் அவர்தான். பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். ஸ்கேன் பார்த்துவிட்டு எண்டோமெட்ரியோசிஸ் என்றார். கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு வெளியிலும் வளர்ந்திருந்தது. இரண்டு சினைப்பைகளிலும் பழைய ரத்தம் தேங்கிய கட்டிகள். குடல் கருப்பையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"லேப்ராஸ்கோபில, சின்னத் துளை போட்டு, கட்டியையும் அந்தத் திசுவையும் எடுக்கலாம். கருப்பை இருக்கும், குழந்தைக்கு முயற்சி பண்ணலாம். ஆனா திரும்ப வரலாம். கருப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுக்கறது இன்னொரு வழி. அதுலயும் வலி முழுசாப் போயிடும்னு உறுதி சொல்ல முடியாது."

"எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்" என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் கணவர், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"எனக்கு எப்படி வலிக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"நீ சொன்னாத்தானே தெரியும்."

அது உண்மை என்பதால்தான் தாங்க முடியவில்லை. அடையாறு பாலம் தாண்டிய சிக்னலில் ஆட்டோ நின்றதும் இறங்கி நடந்தேன். பத்தடிகூட வைக்க முடியவில்லை. ஒரு கடையின் படியோரம் நடைபாதையிலேயே உட்கார்ந்தேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மறைத்தது, நடித்தது எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். அவர் என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சரிம்மா. எடுத்துடலாம்" என்றார்.

அவர் சம்மதித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. எனக்கும் குழந்தை வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனதும் கருப்பை இருக்கட்டும் என்று நானே சொன்னேன்.

அறுவை சிகிச்சை நாலரை மணி நேரம் நடந்தது. குடல் அறுவை நிபுணரும் இருந்தார். அதன்பின் ஏழு மாதம் வலியில்லை. ஒரு முறை மாதவிடாயின் இரண்டாம் நாளில், எதுவும் வாங்காமல், பாண்டி பஜார் முழுக்க நடந்துவிட்டு வந்தேன். எட்டாம் மாதம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அதே இடத்தில் குத்தியது. ஸ்கேனில் இடது சினைப்பையில் மறுபடியும் கட்டி.

குழந்தை இன்னும் தங்கவில்லை. மறுபடி கட்டியை மட்டும் எடுத்தால் சினைமுட்டைகள் இன்னும் குறையலாம் என்கிறார் மருத்துவர். ஹார்மோன் மாத்திரை எடுத்தால் வலி அடங்கலாம். ஆனால் அதை எடுக்கும் காலம் முழுக்கக் கருத்தரிக்க முடியாது. திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறோம். காலையில் குளியலறைத் தரையில் குந்தியபடி, எதை விட்டுக்கொடுப்பது என்று யோசிக்கிறேன். அவர் கதவுக்கு வெளியே நிற்கிறார்.