காணாமல் போன டொமினிக்கும் கடல் கொண்டுவந்தவரும்

கடலோர போலீஸ் ஸ்டேஷனில் வேலை என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும், நான் காற்று வாங்கிக்கொண்டே சம்பளம் வாங்குகிறேன் என்று நினைக்கிறார்கள். எண்ணூர் பக்கம் தலைமைக் காவலராக இருந்து பார்த்தால் தெரியும், கடல் காற்றை மட்டும் அனுப்புவதில்லை. காக்கி போட்ட என் சக பாவிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

யார் எல்லை?

அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு நடுவே ஒரு ஆண் உடல் ஒதுங்கியிருந்தது. பெயர் தெரியாத உடல் என்றால் எந்த ஸ்டேஷனும் ஆசைப்படாது. போட்டோ எடுக்க வேண்டும், பிணவறைக்கு அனுப்ப வேண்டும், ஊரெல்லாம் விசாரிக்க வேண்டும். யாரும் வராவிட்டால் அடக்கமும் நாம்தான். அதனால் பக்கத்து ஸ்டேஷன் எஸ்.ஐ., தலை உங்கள் எல்லையில் இருக்கிறது என்றார். எங்கள் எஸ்.ஐ., கால் உங்கள் பக்கம்தானே என்றார். நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அங்கே மீன் விற்கும் கன்னியம்மா, கூடையை மூடியிருந்த துணியை எடுத்து இறந்தவர் முகத்தில் போட்டாள். அப்புறம் இரண்டு எஸ்.ஐ.களையும் பார்த்துச் சொன்னாள்: "இன்னொரு அலை ஏறிச்சுன்னா இவரு மறுபடியும் கடலுக்கே பூடுவாரு நைனா. அப்பால ரெண்டு பேரும் நிம்மதியா வூட்டுக்குப் போவலாம்."

எங்கள் எஸ்.ஐ. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஐந்து விரல்

காசிமேட்டு ஸ்டெல்லாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் கணவர் டொமினிக் விசைப்படகில் இன்ஜின் பார்த்தவர். ஒரு நாள் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. அதிலிருந்து எங்கள் பகுதியில் எந்த ஆண் உடல் ஒதுங்கினாலும் அவள் வந்து பார்ப்பாள். வலை இழுக்கும் கயிற்றில் சிக்கி டொமினிக்குக்கு வலது கால் சுண்டுவிரல் போயிருந்தது. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் இந்த உடலுக்கு ஐந்து விரலும் இருக்கிறது என்று நாங்கள் சொன்னால் கேட்க மாட்டாள். தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை. நான் முகத்தை மூடிப் பிடித்துக்கொண்டேன். கால் பக்கம் துணியை விலக்கிப் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள். நிம்மதியாகப் போவாள் என்று நினைத்தேன். பிணவறை வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செத்துட்டாருன்னு தெரிஞ்சா ஒரேடியா அழுது முடிச்சுடுவேன் மேடம். இப்டி தெனம் அழ என்னால முடில."

ஒரு பிடி மண்

அந்த உடலைத் தேடி யாரும் வரவில்லை. நாங்களே அடக்கம் செய்தோம். நான், ஒரு கான்ஸ்டபிள், குழி வெட்டுகிறவர், அவ்வளவுதான். எப்படித் தெரிந்ததோ, ஸ்டெல்லா வந்து நின்றாள். கேட்காமலே ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள்.

"இவரு பொஞ்சாதியும் எங்கியோ என்ன மாரி சுத்திகினு இருப்பா. அவளுக்காவ போட்டேன்."

குமார் திரும்பிப் பார்த்தார்

கொஞ்ச நாள் கழித்து, சாலை மறியல் பந்தோபஸ்துக்காக என்னை வள்ளூர் பக்கம் போட்டார்கள். டீக்கடைக் குழாயில் ஒருவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. பெயர் கேட்டேன். குமார் என்றார். லாரி ஷெட்டில் மெக்கானிக்காம். சரி என்று பத்தடி நடந்துவிட்டு, "டொமினிக்" என்று கூப்பிட்டேன். குமார் திரும்பிப் பார்த்தார்.

என் சர்வீஸில் நான் துப்பு துலக்கியது இந்த ஒன்றுதான், பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் அழுததும் அதுவும் போயிற்று. இன்னொரு பெண், குடி என்று நான் யோசித்து வைத்திருந்த எதுவும் இல்லை. காணாமல் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடுக்கடலில் இன்ஜின் நின்று, படகுக்குள் தண்ணீர் ஏறி, இடுப்பளவு தண்ணீரில் இருட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார். எப்படியோ கரை சேர்ந்தார்கள். கூட வந்தவர்கள் அடுத்த வாரமே கடலுக்குப் போனார்கள். இவரால் படகில் கால் வைக்க முடியவில்லை. அப்பா, மச்சான், மாமனார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள்.

"கடலப் பாத்தா பயமா கீதுன்னு காசிமேட்ல எவன்கிட்ட மேடம் சொல்றது?"

அடையாளம் காட்டியது

ஸ்டேஷனுக்கு வந்த ஸ்டெல்லா அடிப்பாள் என்று எதிர்பார்த்து நடுவில் நின்றுகொண்டேன். அடிக்கவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னதை முழுதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து வெளியே நடந்தாள். டொமினிக்கும் பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாப்பில் அவள் திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் பஸ் வந்ததும், அவர் ஏறும் வரை பஸ்ஸை நகரவிடாமல் படியிலேயே நின்றாள். கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

பெஞ்சிலிருந்து எழுந்தபோது அவரிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "உனுக்குக் கடலப் பாத்து பயம். ஒவ்வொரு பொணமா துணிய வெலக்கிப் பாக்கச்சொல்ல எனுக்கு மட்டும் பயமா இல்லியா?"

காணாமல் போனவர் கிடைத்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது, கிடைத்தவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை அவரவர் வீட்டில்தான் துப்பு துலக்கிக்கொள்ள வேண்டும்.