மதகுக் கல்லும் ஒன்பது உறுப்பினர்களும்

சம்பளம் இல்லாத வேலைக்குத்தான் மேலதிகாரிகள் அதிகம். எந்த ஊரிலாவது, எந்தச் சங்கத்துக்காவது கௌரவச் செயலாளராக இருந்து தொலைத்தவர்களுக்கு இது தெரியும். எழுபதுகளின் கடைசியில் நான் குன்னம் பக்கம் தபால்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வட்டார வரலாற்றுக் கழகத்தின் செயலாளர். மொத்தம் ஒன்பது பேர். கல்வெட்டைத் தேடி அலைவது, படி எடுப்பது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, டீ வாங்கி வருவது எல்லாம் நான். மற்ற எட்டுப் பேரும் கருத்துச் சொல்வார்கள்.

வெங்காயக் காட்டில்

செட்டிகுளம் பக்கம் ஒரு வெங்காயக் காட்டில் எழுத்துக் கல் கிடந்தது. நானும் கழகத்துத் தமிழாசிரியரும் போனோம். படி எடுப்பது பெரிய வித்தை இல்லை. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டினால் தாள் எழுத்துக் குழிகளில் இறங்கிவிடும். மேலே மையை ஒற்றினால் கறுப்புக்கு நடுவில் எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

காட்டுக்காரர் துண்டை விரித்து உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். புதையல் எங்கே என்று கேட்பார், எல்லா ஊரிலும் அதைத்தான் கேட்பார்கள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. அதைச் சொல்லிச் சொல்லி பஸ்ஸில் ஊர் வரும்வரை சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எழுத்தெல்லாம் பேப்பருக்கு ஏறிடுச்சுன்னா, கல்லுல என்னங்க மிச்சம் இருக்கும்?"

கோட்டை ஏறி இறங்கியவர்

உறுப்பினர்களில் ஒருவர் வாட்ச் ரிப்பேர் கடைக்காரர். ரஞ்சன்குடிக் கோட்டையைக் கட்டியது தன் ஆட்கள்தான் என்று எழுதித் தரச் சொன்னார். வெயிலில் ஏறி இறங்கி, கிடைத்த ஆதாரத்தை எல்லாம் காட்டி, அப்படி எங்கும் இல்லை என்றேன். ஒன்பது எட்டானது. அடுத்த மாதம் ஒரு வக்கீல் குமாஸ்தா இதே காரணத்துக்காக, வேறொரு ராஜாவோடு கிளம்பினார். எட்டு ஏழானது.

இவர்களுக்கு வரலாறு வேண்டாம். சம்பந்தம் பேசும்போது சொல்லிக்கொள்ள ஒரு ராஜா தாத்தா வேண்டும். வாட்ச் கடைக்காரர் போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"எங்காளுங்க பேரு எந்தக் கல்லுலயாச்சும் வரட்டும் சார், மறுநாளே வந்துடுறேன்."

கீழைச்சேரி முகவரி

ஏரி வற்றிய வருஷம் எங்கள் ஊர் மதகடியில், சேற்றுக்குள் ஒரு பலகைக் கல் தலை காட்டியது. நான் படி எடுத்தேன், தமிழாசிரியர் முழங்கால் சேற்றில் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தார். ஏரி உடைந்தபோது உடைப்பில் நின்று அடைத்து உயிரை விட்டவன் கீழைச்சேரி பூதன் மகன் காரி. அவன் வம்சத்தாருக்கு வடவாய்க்கால் பாயும் நிலத்தை, சந்திரன் சூரியன் உள்ளவரை ஊரார் கொடுத்தார்கள்.

கீழைச்சேரிக்கு வருகிற கடிதங்களைத் தினமும் கொடுப்பவன் நான்தான். அது என் தெரு. எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. அன்று சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடினேன். என் சித்தப்பா அப்போதுதான் வடவாய்க்கால் வயலில் வரப்பு வெட்டும் வேலை முடித்து வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். படித்ததைச் சொன்னேன். கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நம்ம வயலுக்குத்தான் நாம கூலிக்குப் போயிட்டு வர்றமாடா?"

ஆண்டு மலர்

கழகத்தில் ஒரு வழக்கம். எடுத்த படி முதலில் தலைவர் கைக்குப் போகும். அவர் முன்னுரை எழுதிய பிறகுதான் ஆண்டு மலரில் வரும். தலைவரும் எங்கள் ஊர்க்காரர்தான். பெரம்பலூரில் அவருடைய அரிசி மில் மாடிதான் கழகத்தின் இடம். வடவாய்க்கால் நிலமும் அவருடையதுதான். இது தெரிந்தும், இருந்த ஒரே படியைச் சுருட்டிக் கொண்டுபோய் அடுத்த கூட்டத்தில் அவர் கையில் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வரலாறு என்றால் எல்லாருக்கும் பொது என்று நம்பியிருந்தேன்.

அவர் படியைப் பார்த்தார், மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்தார். "மலர்ல ராஜாக்கள் வரட்டும். இதெல்லாம் எதுக்கு?" என்றார். கூட்டத்தில் இருந்த ஐந்து பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் தமிழாசிரியரைப் பார்த்தேன். சேற்றில் நின்று ஒரு எழுத்து விடாமல் படித்தவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கல்லு ரொம்பத் தேஞ்சு போச்சுங்க. எந்தப் பேருன்னு உறுதியா சொல்ல முடியாது."

பம்புசெட்டு

மறுபடி படி எடுக்கலாம் என்று அடுத்த ஞாயிறு தாளும் மையும் எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். கல் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. இழுத்துப் போன தடம் வரப்பு வழியாகத் தலைவரின் பம்புசெட்டு வரைக்கும் போனது. தொட்டிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லாகப் பதித்திருந்தார்கள், எழுத்து கீழே, சிமெண்டு சுற்றிலும். ஒரு பெண் அதில் தலைவர் வீட்டு வேட்டியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

தூக்கிப்போட்ட நாலு பேரில் என் சித்தப்பாவும் ஒருவர் என்று அவள்தான் சொன்னாள். வீட்டுக்குப் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்ன கல் என்று தெரியுமல்லவா, நான்தானே சொன்னேன் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

"தெரிஞ்சுதான்டா தூக்குனேன். மாட்டேன்னா மறுநா என்னைய வேலைக்கு யாரு கூப்புடுவா?"

அதற்குப் பிறகு நான் கூட்டம் கூட்டவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை, மில் மாடியில் நெல் மூட்டை ஏறிவிட்டது. கழகம் ஆளில்லாமல் படுத்துவிட்டது என்றுதான் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஆள் இருந்தான், ஊர் பேரோடும் அப்பன் பேரோடும் இருந்தான், அவனைக் குப்புறப் போட்டு மேலே துணி துவைக்கிறார்கள்.