கலியாண வீடியோக்காரன் எடுத்த வலைப்பந்து

வீடியோக்காரனை எல்லா வீட்டிலும் வாசலுக்கே வந்து வரவேற்பார்கள். பந்தி போடும் நேரத்தில்தான் மறந்துபோவார்கள். தோளில் கமராவைத் தூக்கித் திரிந்த பாவப்பட்ட பிறவிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு வீடியோக் கடை இருந்தது. கலியாணம், பிள்ளை பெரியவளானால் சாமத்தியச் சடங்கு, தேவாலயத்தில் முதல் நன்மை, பிறந்தநாள் என்று எதையும் விட்டுவைத்தது கிடையாது. கொழும்பில் என்னைவிட நன்றாகக் கலியாணம் எடுக்க ஆள் இல்லை என்பது அன்றைக்கு என் எண்ணம். இன்றைக்கும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை.

அப்படிப்பட்ட என்னைத் தேடி ஒருநாள் ரோசலின் ரீச்சர் வந்தார். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வலைப்பந்து பழக்குகிறவர். அவருடைய தம்பியின் கலியாணத்தை நான்தான் எடுத்திருந்தேன். கல்லூரிக்குப் பின்னால் இருந்த ஒரேயொரு வலைப்பந்துத் திடலில் கட்டடம் எழுப்பிக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தப் போகிறார்களாம். ஒருவரும் பார்க்காத விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று அதிபர் அம்மா கேட்டிருக்கிறார். "ரி.வி.யில் காட்டினால் திடலை விடுவீர்களா?" என்று ரீச்சரும் பதிலுக்குச் சவால் விட்டு, அதிபரும் சரி என்றுவிட்டார்.

தமிழில் வாராவாரம் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. அதில் பையன்களின் கிரிக்கெட், அது முடிந்தால் பையன்களின் கால்பந்து, அதுவும் முடிந்தால் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு பேட்டி. பெண்கள் ஆட்டத்துக்கு அனுப்பக் கமரா இல்லை, நீங்களே எடுத்துக்கொண்டு வந்தால் போடலாம் என்று தயாரிப்பாளர் கைவிரித்திருந்தார். கலியாணமே எடுக்கிற கைக்கு ஒரு பந்து பெரிய விஷயமா என்று நானும் ஒத்துக்கொண்டேன். ரீச்சருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "மாப்பிள்ள மாதிரி ஒரு இடத்துல நிக்க மாட்டாளுங்க மோகன், ஓடுவாளுங்க," என்றார்.

பந்தைக் காணோம்

கலியாண வீடியோவுக்கு ஒரு சட்டம் உண்டு. வந்த எல்லாருடைய முகமும் ஒருதரமாவது விழவேண்டும். ஒரு பெரியம்மா விடுபட்டாலும் குடும்பம் இரண்டாகிவிடும். அந்தச் சட்டத்தின்படியே முதல் ஆட்டத்தை எடுத்தேன். பிரதம விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றியதிலிருந்து தொடங்கி, முன்வரிசை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிட்டப் பிடித்து, நடுவரையும் விடாமல், குளிர்பானம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவையும் சேர்த்து எடுத்தேன். கடையில் வைத்து அதற்கு நாதஸ்வரம் போட்டேன். அணித் தலைவியின் முகத்தைச் சுற்றி ரோசாப்பூ உதிர்ந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

தயாரிப்பாளர் சிவநேசன் அண்ணை நாடியில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பிறகு கசற்றை வெளியே எடுத்து என் கையிலேயே தந்தார். "ஐசே, பிள்ளையள் எல்லாரும் வடிவா இருக்கினம், விளக்கும் நல்லா எரியுது. பந்து எங்க?"

கை மட்டும்

இரண்டாவது ஆட்டத்தில் பந்தைப் பிடித்துவிட்டேன். பந்து போகப்போகிற இடத்தில் கமரா முதலே போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான் வித்தை. மாப்பிள்ளை வீட்டார் எந்த வாசலால் வருவார்கள் என்று பார்த்துவைப்பதும் இதே வேலைதானே. எங்கள் பக்கத்தில் கோல் போடுகிறவள் சுகந்தி. நெடுத்த பிள்ளை. வளையத்துக்குக் கீழே அவள் கையில் பந்து கிடைத்தால் எதிர்ப்பக்கப் பிள்ளைகளின் முகம் செத்துப்போகும். நானும் அவளையே குறிவைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் சுகந்தியின் அம்மா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையில் ஃபிளாட் எடுத்திருக்கிறவர்கள். மூத்த மகளுக்கு லண்டனில் மாப்பிள்ளை பேச்சு நடக்கிறது. தங்கச்சிக்காரி கட்டைப் பாவாடையோடு ரி.வி.யில் துள்ளுவதை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் யாராவது பார்த்தால் காரியம் கெட்டுப்போகும் என்று கெஞ்சினார். ஒரு தாய் கெஞ்சினால் எனக்கு மனம் இளகிவிடும். மிச்ச ஆட்டம் முழுவதும் சுகந்தியின் கைகளை மட்டும் எடுத்தேன். இரண்டு கை எழும்பும், பந்து கிளம்பும், வளையத்துக்குள் விழும். சிவநேசன் அண்ணை அதில் ஒரு சின்னத் துண்டை வெட்டி இரண்டு கிரிக்கெட்டுக்கு நடுவில் செருகிப் போட்டார்.

அடுத்த கிழமை அந்த அம்மா பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக் கடைக்கே வந்து இறங்கினார். சம்பந்தம் குழம்பிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை. "தம்பி, மற்றப் பிள்ளையளின்ர முகமெல்லாம் பளிச்செண்டு வருது. கோல் முழுக்கப் போட்டது என்ர பிள்ளை, அவளின்ர கை மட்டுந்தான் வருது. லண்டன்காரர் பாத்தாப் பாக்கட்டும், நீங்கள் முகத்தைக் காட்டுங்கோ!"

காவலரணில் ஒரு ரசிகன்

இறுதி ஆட்டத்தை எடுத்துவிட்டு ஓட்டோவில் திரும்புகிறேன். காலி ஊருக்குப் போகும் வீதியிலிருந்த இராணுவக் காவலரணில் மறித்தார்கள். தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டை, தோளில் கமரா, பைக்குள் வயர். இதைவிடச் சந்தேகத்துக்கு வேறு என்ன வேண்டும்? உண்மையைச் சொன்னால் நன்றாகப் பயந்துபோனேன். என்னைப் பிடித்து வைத்தால்கூட, கொழும்பில் தங்கப் பதிந்த பொலிஸ் அறிக்கையைக் காட்டி எப்படியாவது வெளியே வரலாம். கசற்றை எடுத்துக்கொண்டால் ரீச்சரின் திடல் போய்விடும். வேறு பிரதி கிடையாது.

என்ன எடுத்தாய், போட்டுக் காட்டு என்று சிங்களத்தில் அதட்டினான் ஒரு சின்ன வயதுச் சிப்பாய். கமராக் கண்ணில் அவனைப் பார்க்கவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விட்டுவிடுவான் என்று நினைத்தால் அவன் கண்ணை எடுப்பதாயில்லை. பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டன. தன் தங்கையும் ஊரில் வலைப்பந்து விளையாடுகிறவள் என்று இடையில் ஒருதரம் சொல்லிக்கொண்டான். ஆட்டம் சரிக்குச் சமனாக நின்று கடைசி நிமிடம் வருகிறபோது கமரா பெட்டரி செத்துப்போனது. அவன் நிமிர்ந்து, துவக்கைச் சரிசெய்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். ஓட்டோ நகர்ந்துவிட்டது. "அய்யே! கவுத தினுவே?" என்று பின்னாலிருந்து கத்தினான், அண்ணே, யார் வென்றது என்று.

கண்ணாடி துடைக்கிற நேரம்

வென்றது எங்கள் பிள்ளைகள்தான், ஒரேயொரு கோலால். போட்டது சுகந்தி. இந்தமுறை முகத்தோடு எடுத்திருந்தேன். ஆனால் அதிபர் அம்மா மசியவில்லை. முன்பு போட்ட துண்டைப் பற்றி ரீச்சர் கேட்டதற்கு, தான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்கிடையில் எல்லாம் முடிந்துபோனது என்று சொல்லிவிட்டாராம். நியாயமான கதைதான். கண் சிமிட்டுகிற நேரம் காட்டுகிற விளையாட்டு யாருடைய மனத்தில் நிற்கும்? ஆட்டத்தை ஆட்டமாகக் காட்டவேண்டும் என்று சிவநேசன் அண்ணையிடம் போனேன். அந்தக் கிழமை இரண்டு பெரிய கிரிக்கெட் இருக்கிறது, நாற்பது விநாடிக்கு மேல் ஒரு விநாடியும் தரமாட்டேன் என்றார்.

எழும்பப் பார்த்தேன். அப்போதுதான் அவர், அடுத்த மாதம் தன் மகளின் சாமத்தியச் சடங்கு இருக்கிறது, நீர்தான் வந்து எடுக்கவேண்டும் என்றார். நான் மறுபடியும் இருந்துகொண்டேன். "வடிவா எடுக்கிறேன் அண்ணை. மண்டபம், சமையல், மாமன்மார் எல்லாரையும் எடுப்பேன். பிள்ளையை நாற்பது விநாடி காட்டினால் போதும்தானே?" என்று கேட்டேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "சரி ஐசே, உமக்கு ஐஞ்சு நிமிஷம், கடைசிக் கோலோட. என்ர பிள்ளைக்கு மூண்டு மணித்தியாலத்தில ஒரு நிமிஷமும் குறையக்கூடாது!"

வெளிச்சம் இருந்த ஒரே இடம்

நிகழ்ச்சி போகிற அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு கலியாண வரவேற்பை எடுத்துக்கொண்டிருந்தேன். கலியாணப் பொம்பிளை, ரோசலின் ரீச்சரின் கல்லூரியில் படித்தவள். ஆகவே அதிபர் அம்மாவும் வந்து முன்வரிசையில் இருந்தார். நேரத்தோடு பாமன்கடையிலுள்ள தன் வீட்டுக்குப் போய் ரி.வி. பார்ப்பதாக ரீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். திடீரென்று கரண்ட் போனது. அது மின்வெட்டுக் காலம். மண்டபத்தில் ஜெனரேற்றர் உறுமிக்கொண்டு எழும்பிவிட்டது. வெளியே வெள்ளவத்தையும் பாமன்கடையும் ஒரே இருட்டு. சற்று நேரத்தில், ஒன்றாக ரி.வி. பார்க்கக் கூடியிருந்த பிள்ளைகளையும் சுகந்தியின் அம்மாவையும் இழுத்துக்கொண்டு ரோசலின் ரீச்சர் மண்டப வாசலில் வந்து நின்றார். ரீச்சரை நான் அழுது பார்த்தது அன்று ஒருநாள்தான். இனிமேல் யாருக்கு எதைக் காட்டித் திடலைக் காப்பாற்றுவது என்று கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. பின்வரிசை ஞாபகம்தான் வந்தது. மணவறை தெரியாத விருந்தினர்களுக்காக மண்டபத்தின் வலது பக்கத்தில் நான் ஒரு பெரிய ரி.வி. வைத்து, என் கமராப் படத்தை ஓடவிட்டிருந்தேன். கமராவை முக்காலியில் ஓடவிட்டு அந்த வயரைக் கழற்றினேன். மனேச்சரின் அறையிலிருந்து அன்ரெனாவைப் பிடுங்கி வந்து சொருகினேன். கேக் வெட்டப் பொம்பிளையும் மாப்பிள்ளையும் எழும்பி நின்ற நேரம், ரி.வி.யில் வலைப்பந்து ஓடத் தொடங்கியது. முதலில் பின்வரிசை திரும்பியது. பிறகு நடுவரிசை. கடைசிக் கோலுக்குச் சுகந்தி கையைத் தூக்கியபோது மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பந்து விழுந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. சுகந்தியின் அம்மா கதிரையில் ஏறி நின்று, என்ர பிள்ளை, என்ர பிள்ளை என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

அதிபர் அம்மா மட்டும் கைதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு ரீச்சரைக் கூப்பிட்டார். "ரோசலின், இவ்வளவு சனம் பாக்கிற விளையாட்டு, எங்கட திடலில ஒரு லைட்டும் இல்லை. கட்டட ஆக்களை நாளைக்கு வரச்சொன்னனான். வந்தவுடன கட்டடத்தை விட்டுட்டு லைட்டுக் கம்பம் ரெண்டை நடச் சொல்லும்."

வலது பக்கம்

ஒரு மாதத்தால் பொம்பிளையின் தகப்பனார் கலியாணக் கசற்றோடு கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. போட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கேக் வெட்டுகிற இடத்தில் மண்டபத்தில் உள்ள அத்தனை பேரும் வலது பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கத்தியைப் பிடித்திருக்கிற பொம்பிளையும் வலது பக்கம். மாப்பிள்ளை ஒருவர்தான் பாவம், கேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேக் பாதி வெட்டியபடியே நிற்கிறது. நான் நாடியைச் சொறிந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இது கிடக்கட்டும். அண்டைக்கு ரி.வி.யில போன வலைப்பந்து மச்சில ஒரு கொப்பி தருவியளோ? மகள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் போறாளாம், கலியாணக் கசற்றை இஞ்சையே வைக்கட்டாம்."

கலியாணத்தைப் போல வலைப்பந்தையும், வலைப்பந்தைப் போலக் கலியாணத்தையும் எடுத்த ஒரே வீடியோக்காரன் கொழும்பில் நான்தான், என்ன, இரண்டு இடத்திலும் சாப்பிடக் கூப்பிட மறந்துவிட்டார்கள்.