பழம் இல்லாத ஜூலை

ஹெல்விக் ஊர்க்காரர்கள் யாரையும் 'வீட்டுக்கு வா' என்று வாய்விட்டுக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ. ஆள் வரவேண்டும் என்றால், "ரொட்டி சுட்டேன், கொஞ்சம் அதிகமா ஆயிடுச்சு" என்பார்கள். "எங்க பக்கம் ரோடு காஞ்சிடுச்சு" என்பார்கள். கேட்கிறவன் புரிந்துகொண்டு வந்து சேர வேண்டும். நார்வேயிலிருந்து வந்த முன்னோர்கள் கோதுமை விதையோடு இந்த வழக்கத்தையும் கடல் கடந்து சஸ்காச்சுவான் மாகாணத்து மண்ணில் கொண்டுவந்து போட்டார்கள். கோதுமை எத்தனையோ வருஷம் பொய்த்திருக்கிறது. இந்த வழக்கம் மட்டும் ஒரு வருஷம்கூடப் பொய்த்ததில்லை.

தோரா ப்ராட்டன் அந்த ஊரிலேயே பிறந்தவள், அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். எழுபதைத் தாண்டிவிட்டாள். பள்ளிக்கூடம் மூடியதைப் பார்த்தாள், மளிகைக்கடை மூடியதைப் பார்த்தாள், ரயிலடியில் இருந்த தானியக் கிடங்கை இடித்துத் தள்ளியதையும் பார்த்தாள். வீட்டுக்கு எதிரே இருக்கும் மாதாகோயில் இப்போது யாராவது செத்தால் மட்டும் திறக்கிறது. அவள் தெருவில் ஆள் இருக்கும் வீடுகள் இரண்டுதான். ஒன்று அவளுடையது. இன்னொன்று நெஸ்டர் பாப்போவிச்சுடையது. நெஸ்டர் கிடங்கில் எடை போட்டவர். உக்ரைன் வம்சம். அதனால் அந்த ஊர் நார்வேக்காரர்கள் பேசாமல் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் அவர் ஒருவரே பேசித் தீர்ப்பார்.

தோராவின் வீட்டில் பெருமைப்பட ஒன்று இருந்ததென்றால் அது தோட்டத்து ஓரமாக நின்ற சாஸ்கட்டூன் செடி வரிசைதான். நாவற்பழ நிறத்தில், சுண்டைக்காய் அளவில், கொத்துக் கொத்தாகப் பழுக்கும் பழம். கல்யாணமான புதிதில் அவளும் புருஷன் எய்னாரும் ஓடைக்கரையில் பக்கக்கன்று தோண்டிக்கொண்டு வந்து நட்டார்கள். பாதிக்குமேல் பட்டுப்போயின. மறுபடி தோண்டினார்கள், மறுபடி நட்டார்கள். பிழைத்தவையும் காய்க்க வருஷக்கணக்கில் சுணங்கின. கிழட்டுத் தண்டை அடியோடு வெட்டி, வேரைச் சுற்றி வைக்கோல் பரப்பி, பனிக்காலத்தில் முயல் கடிக்காமல் கம்பிவலை சுற்றி, வெயில் காலத்தில் குருவிக்குப் பங்கு போனது போக மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். ஒரு பிள்ளைதான் அவர்களுக்கு, லைல். அந்தச் செடிகளுக்குப் பட்ட பாட்டில் பாதிகூட அவனுக்குப் பட்டதில்லை என்று எய்னார் சொல்வதுண்டு.

லைல் கால்கரி நகரத்துக்குப் போய் வேலை பார்த்தான். காரில் ஏழு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான். அங்கே எவ்வளவு குளிர், இங்கே எவ்வளவு குளிர், அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஜூலை பாதியில் தோரா, "பழம் பழுத்துடுச்சு" என்பாள். அடுத்த சனிக்கிழமை லைலின் கார் வாசலில் நிற்கும்.

காலி ஐஸ்கிரீம் வாளியை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, செடிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாக நின்று பறிப்பார்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை. கைக்கு வேலை இருந்தால்தான் அந்த வம்சத்துக்கு நாக்கு அசையும். லைலின் மனைவி அவனை விட்டுப் பிரிந்துபோன சேதியை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை, சாஸ்கட்டூன் செடியிடம்தான் சொன்னான். அந்தப் பக்கம் நின்றதால் அம்மாவுக்கும் கேட்டது.

எய்னார் இறந்தபோது எதிரே மாதாகோயிலை ஒட்டி இருந்த இடுகாட்டில்தான் புதைத்தார்கள். ஊர் வழக்கப்படி ஒரே கல்லில் இரண்டு பேர் பெயரையும் வெட்டினார்கள். கல்தச்சன் மறுபடி வரும் செலவு மிச்சம் பாருங்கள். எய்னாருக்குப் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் இருந்தன. பக்கத்தில் தோரா, பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு வெறும் கல். வெட்டும்போது அவள் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே அந்தக் கல். தோராவுக்கு மற்றதெல்லாம் தளர்ந்தாலும் தூரப்பார்வை மட்டும் தளரவில்லை. பனி மூடி, நாள்கணக்கில் மனிதக் குரல் கேட்காத முதல் குளிர்காலம் முழுக்க, தட்டு கழுவ நின்றபோதெல்லாம் தன் பெயர் தன்னைக் கூப்பிடுவதைப் பார்த்தாள். பனி உருகியதும் ஒரு ஜூனிப்பர் வாங்கிவந்து கல்லுக்கு முன்னால், தன் பாதிக்கு மட்டும் மறைப்பாக நட்டாள். ஊசியிலைப் புதர், குளிர்காலத்திலும் பச்சை. கல்லறையில் எல்லோரும் வைப்பதுதான். இவள் எதற்கு வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூனிப்பர் வளர்ந்து பெயரை மூடியது. தோரா நிம்மதியாகப் பாத்திரம் கழுவினாள். அதற்குப் பிறகுதான் சாஸ்கட்டூனுக்கு நோய் வந்தது. இலையில் மஞ்சள் பொட்டு விழுந்தது, காயில் முள் முளைத்தது. வாயில் வைக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்த வருஷம் பழம் இல்ல" என்றாள். "சரிம்மா" என்றான் லைல். வரவில்லை. அடுத்த வருஷமும் அதே முள், அதே பேச்சு, அதே சரிம்மா. அவன் மேல் குற்றமில்லை. பழம் இல்லை என்றால் வராதே என்றுதானே அந்த வீட்டில் அர்த்தம்!

மூன்றாவது வருஷம் மே மாதம் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மழை விட்டதும் தோரா கல்லறைக்குப் போனாள். ஜூனிப்பர் கிளை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று என்னவோ தொங்கியது, யாரோ ஜிலேபியைப் பிய்த்து ஒட்டவைத்த மாதிரி. இடுகாட்டுப் புல்லை வெட்ட வண்டியோடு வந்திருந்த நெஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"அடக் கடவுளே! தோரா, இது துரு நோய். உன் பழத்துக்கு வர்ற வியாதி இங்கேருந்துதான் கிளம்புது."

"இது வேற செடி, அது வேற செடி."

"இதுல குளிர்காலம் தூங்கும், மழை பட்டா பறந்துபோய் அதுல குடித்தனம் வைக்கும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாதும்மா. அம்பது வருஷம் செடி வளர்த்தவளுக்கு இதுகூடவா தெரியாது?"

"தெரியல."

"எய்னார் உசுரோட இருந்தப்போ ஒரு வாளி பழத்தைத் தனியா முழுங்குவான். செத்தும் உனக்கு ஒரு பழம் மிச்சம் வைக்க மாட்டேங்கறான் பாரு!" என்று சிரித்தார். தோரா சிரிக்காததைப் பார்த்து, "ரம்பம் கொண்டாரட்டுமா? அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

"நான் பாத்துக்கறேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நாலைந்து நாள் ஜன்னலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். புதர் இருந்தால் மகன் வர மாட்டான். புதரை வெட்டினால் வருஷம் முழுக்கத் தன் பெயரோடு தனியாக இருக்க வேண்டும். மகன் வருவது வருஷத்தில் இரண்டு நாள். குளிர்காலம் ஆறு மாதம். கணக்குப் பார்த்தால் புதர் இருப்பதுதான் லாபம். ஆனாலும் தோரா எய்னாரின் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு குளிர்காலம் பெயரைப் பார்க்காமல் இருந்து பார்த்துவிட்டாள். தனிமை அதில் ஒரு சொட்டும் குறையவில்லை. அடியோடு அறுத்து, தன் தோட்டத்துப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினாள். உள்ளே வந்து கை கழுவத் தொட்டிக்கு வந்தாள். கல் பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் நோய் முந்திக்கொண்டது. மழையில் பறந்தது பறந்ததுதான். ஜூனில் இலையில் மஞ்சள் பொட்டு வந்தது, ஜூலையில் காயில் முள் வந்தது. "அடுத்த வருஷம் பாரு, சுத்தமா காய்க்கும்" என்றார் நெஸ்டர். அந்த அடுத்த வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலம் இருக்கிறது என்பது அவருக்கு எங்கே தெரியும்? ராப்பகலாகத் தன் வாய்ச்சத்தத்திலேயே வாழ்கிற மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அங்க மழையாம்மா?"

"விட்டுடுச்சு. பழம் இந்த வருஷமும் இல்ல."

"சரிம்மா."

வழக்கமாக இந்த இடத்தில் இருவரும் வைத்துவிடுவார்கள். தோரா வைக்கவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பழம் இல்ல, லைல். ஆனாலும் நீ வா."

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றான் லைல்.

"எந்த டாக்டர்?"

"அம்மா, மறைக்காத. என்ன வியாதி?"

"செடிக்குத்தான் வியாதி. எனக்கு ஒண்ணுமில்ல."

அவன் நம்பவில்லை. எப்படி நம்புவான்? பிறந்ததிலிருந்து வா என்று கூப்பிடாதவள் கூப்பிட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மறுநாளே லீவு போட்டுவிட்டு, வழியில் எங்கும் நிறுத்தாமல் வந்து சேர்ந்தான். அம்மா நன்றாகத்தான் நடமாடுகிறாள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தொப்பியைக் கழற்றினான்.

"ஏழு மணி நேரம் செத்துப் பிழைச்சு வந்தேம்மா."

"காபி குடி."

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பழமில்லாமல் அந்த வீட்டில் இருவரும் சும்மா உட்கார்வது அதுதான் முதல் தடவை. லைல் கரண்டியால் காபியைக் கலக்கினான், அவன் சர்க்கரையே போடுவதில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தான். கரண்டி நின்றது.

"அங்க ஒரு செடி இருந்துதே?"

"வெட்டிட்டேன். அந்தச் செடியாலதான் பழத்துக்கு நோய்."

"உன் பேரு இங்கேருந்தே தெரியுதும்மா."

"தெரியும்."

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அந்த முள்ளு காயையெல்லாம் பறிச்சு எரிச்சிடலாமா? வாளி எங்க?" என்று அறையெங்கும் தேடினான். இதை விட்டால் மறுபடி வாய் வராது என்று தோராவுக்குத் தெரிந்தது. வாளி அவள் காலடியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.

"காய் கிடக்கட்டும். உக்காரு."

உட்கார்ந்தான்.

"குளிர்காலத்துல பேச ஆளில்ல, லைல். ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். பழம் இருந்தாத்தான் நீ வருவேன்னு அந்தப் பழச்செடியைக் கட்டிக்கிட்டு அழுதேன். எனக்குத் தனியா இருக்க முடியலடா."

சொல்லி முடித்துத் தோரா மகனின் முகத்தைப் பார்த்தாள். காதோரமெல்லாம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியிருந்தது. எப்போது கிழவனானான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

லைல் மேஜையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பிறகு வேறு எங்கும் பார்க்க இடமில்லாமல் அவளைப் பார்த்தான்.

"எனக்கும் முடியலம்மா," என்றான்.